மற்றவை

பழைய நோட்டில் என் கையெழுத்தை
என்னாலேயே படிக்க முடியாது.
பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனை, ஆண்கள் வார்டு,
முப்பத்திரண்டு கட்டில்,
தரையில் பாய் விரித்தவர் ஒன்பது பேர்,
எட்டுக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள்
புறநோயாளி வரிசைக்கு ஓட வேண்டும்.
ஆகவே எழுதுவோம்
சி.எஸ்.டி.
அதே சிகிச்சை தொடர்க.
எதைத் தொடர்வது என்று
அந்த மூன்றெழுத்துக்கே தெரியாது.

புரட்டாசியில் அது வெளியே வந்தது.
பதினொன்றாம் கட்டில் வைரக்கண்ணு,
வரப்பில் விரியன் கடித்து வந்தவர்.
சிறுநீர் அளக்க வைத்த குழாய்
அளப்பது நின்ற பிறகும் இருந்தது.
எட்டு நாள், எட்டுப் பக்கம், எட்டு சி.எஸ்.டி.
அதில் மூன்று என்னுடையவை.
விஷம் இறங்கிய மனிதருக்கு
ஒன்பதாம் நாள் குளிர்சுரம் ஏறியது.
யாரும் யாரையும் திட்டவில்லை.
அமலோற்பவம் சிஸ்டர் மட்டும்
குழாயை உருவி வாளியில் போட்டபடி
"இதுக்கு ஒரு தேதி போட்டிருக்கலாம் டாக்டர்"
என்றார்.

அன்றிரவு டியூட்டி அறையில்
டேப்லெட்டுக்கு ஒரு படிவம் போட்டேன்.
முதலில் நாற்பத்தொரு கட்டம்.
எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டது அது,
தேர்வாளரைப் போல.
சிஸ்டர் ஒவ்வொன்றாய் விரல் வைத்து
"இது யாருக்கு?" என்றார்.
பதினான்கு மிஞ்சியது.
சேர்ந்து எத்தனையாம் நாள்,
எந்த மருந்து ஆகாது,
ஊசியை மாத்திரையாக மாற்றலாமா,
குழாய் இருக்கிறதா, இருந்தால் இன்னும் எதற்கு.

மென்பொருள் போட்டுத் தந்த பையன்
நல்லெண்ணத்தில் ஒரு பொத்தான் வைத்திருந்தான்:
நேற்றையதை நகலெடு.
மூன்றாம் வாரம்,
நள்ளிரவில் ஆம்புலன்சில் தஞ்சாவூர் போன
ஏழாம் கட்டில்காரர்
காலை எட்டேகாலுக்கு எங்கள் திரையில்
இட்லி சாப்பிட்டு நலமாக இருந்தார்.
கட்டிலில் உறை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் சி.எஸ்.டி. சாகவில்லை,
தட்டச்சு கற்றுக்கொண்டிருந்தது.

பொத்தானை எடுத்தோம்.
ஆளுக்கு ஒன்றரை நிமிடம் கூடியது,
முணுமுணுப்பும்.

பதினான்காம் கட்டத்தின் பெயர் மற்றவை.
பெரும்பாலும் அதில் 'இல்லை' என்றிருக்கும்.
மார்கழிக் கடைசியில் ஒரு நாள்
பயிற்சி மருத்துவர் ரஹ்மத் நிஷா
அதில் நான்கு வரி அடித்திருந்தார்:
'சர்க்கரைப் புண், வலது கால்.
ஆற்றில் முறை வைத்து விடுகிறார்கள்.
இவர் வயலுக்கு முறை நாளை.
ராத்திரி சொல்லாமல் போய்விடுவார் என்கிறது பக்கத்துக் கட்டில்.'

சொல்லாமல் போனவர்களுக்கு
எங்களிடம் ஒரு பதிவேடு உண்டு.
பெயருக்கு நேரே 'தலைமறைவு' என்று எழுதுவோம்,
ஏதோ திருடிக்கொண்டு ஓடியதுபோல.
இந்த முறை நாங்களே முந்திக்கொண்டோம்.
புண்ணைக் கட்டி, மேலே பாலிதீன் சுற்றி,
மூன்று நாள் மாத்திரை கொடுத்து,
"மடையை மகன் வெட்டட்டும்,
நீங்க வரப்போட நில்லுங்க,
வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பினோம்.

வெள்ளி வரவில்லை.
சனி வந்தார்.
பாலிதீனுக்குள் சேறு போகவில்லை
என்று எழுத எனக்கு ஆசை.
கொஞ்சம் போயிருந்தது.
கட்டத்தில் அப்படியே எழுதினேன்.

இன்று காலை நான்காம் கட்டில்.
மின்சாரம் போய் வந்து
டேப்லெட்டில் பதினொரு சதவீதம்.
குழாய்: ஆம்.
எத்தனையாம் நாள்: மூன்று.
இன்னும் எதற்கு:
ஒற்றைக் கோடு துடிக்கிறது.
நிரப்பாமல் ஐந்தாம் கட்டிலுக்கு
விடாது இது.
கட்டிலில் இருப்பவர்
என் கையிலிருப்பதை எட்டிப் பார்த்து
"செல்லு பாக்குறீங்களா?" என்கிறார்.
"உங்களத்தான்" என்கிறேன்.
அமலோற்பவம் சிஸ்டர்
அதற்குள் கையுறை மாட்டிக்கொண்டிருக்கிறார்.